இரண்டாவது விசில்

உட்காரம்மா. அங்கே வேண்டாம், நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள். அந்தப் பக்கம் காற்று வராது.

தணிகாசலத்தின் பெண் என்று நீ வாசலில் நின்றபோதே தெரிந்துவிட்டது. அதே நெற்றி. ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாயே, அதுவும் அவனுடையதுதான். கஸ்தூரிதானே நீ? ஆயுத பூஜைக்கு டிப்போவுக்கு வருவாய். பொரி கடலையைப் பாவாடையில் கட்டிக்கொண்டு "டிரைவர் மாமா, டிரைவர் மாமா" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவாய். இப்போது சார் என்கிறாய். பரவாயில்லை. என்னைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நீ வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டாய். நான் வாங்கிக்கொண்டது சரியா என்று பார். உன் அப்பா படுத்த படுக்கை. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மூன்று நாளாகத் தண்ணீர்தான் இறங்குகிறது. என் பெயரைச் சொல்கிறார். நான் வந்து, "தணிகாசலம், அன்றைக்கு நீ ஒரு விசில்தான் ஊதினாய்" என்று அவர் காதில் சொல்ல வேண்டும். சொன்னால் நிம்மதியாகப் போய்விடுவார். இதுதானே?

முடியாதம்மா.

முகத்தைச் சுருக்காதே. எழுந்திருக்கவும் வேண்டாம். என் வீட்டுக்காரி, இவள், டீ போடுகிறாள், குடித்துவிட்டுப் போ. அது நடந்தபோது உனக்கு என்ன வயது, எட்டா, ஒன்பதா? உன் அப்பா சொன்னதை மட்டும் கேட்டு வளர்ந்தவள் நீ. இருபத்திரண்டு வருடம் கழித்து இந்தப் பக்கத்தையும் கேட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

நானும் அவனும் பன்னிரண்டு வருடம் ஒரே வண்டி, நான் டிரைவர், அவன் கண்டக்டர். அவன் இவன் என்றுதான் வாயில் வரும், கோபித்துக்கொள்ளாதே. தொண்ணூற்றாறு கட். முழுத் தொண்ணூற்றாறு பட்டணத்துக்குள் மார்க்கெட் வரைக்கும் போகும். அதற்கு வேறு ஆட்கள், சட்டை கசங்காத ஆட்கள். எங்களுடையது கட் சர்வீஸ், பாதி வழி வண்டி. அத்திமேடு டிப்போவில் புறப்பட்டால் சித்தேரி வரை. இருபத்தோரு ஸ்டாப். பட்டணத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒரு நாளைக்குப் பத்து டிரிப் அடிப்போம். நாங்கள் ஆரம்பித்தபோது பாதி ஸ்டாப்பில் ஆளே கிடையாது, நாற்றங்கால்தான். அப்புறம் கல் நட்டார்கள், பிளாட் போட்டார்கள், அந்த நகர் இந்த நகர் என்று போர்டு வைத்தார்கள். ஐஸ் கம்பெனி ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி ஸ்டாப், புது ரேஷன் கடை. ஜனம் வந்து விழுந்தது. வண்டி மட்டும் அதே வண்டி.

நான் படித்தது எட்டாவது. அதுவும் லைசென்சுக்காக எழுதிப் பாஸ் செய்தது. உன் அப்பா எஸ்.எஸ்.எல்.சி. எனக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றால் அவன்தான் எழுதுவான். மெமோ வந்தால் பதில் அவன்தான் எழுதுவான். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நன்றி மறந்தவன் என்று பெயர் வேண்டாம்.

விசில் கணக்கு உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்று ஊதினால் நில். இரண்டு ஊதினால் போ. இதற்கு மேல் டிரைவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. காலை நேரத்தில் கண்ணாடியில் பார்த்தால் ஜனங்களின் அக்குள்தான் தெரியும். காதுதான் எல்லாம். பக்கத்தில் இன்ஜின் வேறு, இடது காதுக்கு ஒட்டி, முப்பது வருடம். அதற்குள் இருந்து விசிலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எடுத்தேன். என் காதில் ஒரு குறையும் கிடையாது. வருடாவருடம் மெடிக்கலில் கண்ணைத்தான் பார்ப்பார்கள். ஒரே ஒரு வருடம் ஒரு டாக்டர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நான் சொன்னது கேட்டுச்சா?" என்றார். "கேட்டுச்சு சார்" என்றேன். பாஸ்.

ஆனால் உன் அப்பா என்ன செய்தான் தெரியுமா?

புரட்டாசி மாதம். டிரிப் தினமும் தாமதம். டைம் கீப்பர் கேன்டீனில் வைத்துக் கேட்டார், நாற்பது பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "என்னய்யா, தொண்ணூத்தாறு கட் மட்டும் தெனம் பத்து நிமிஷம் லேட்டு?" உன் அப்பா சொன்னான்: "என்னைக் கேக்காதீங்க சார். எங்காளுக்கு ஒரு தபா ஊதினா கேக்க மாட்டேங்குது. விசிலு பத்தல. அடுத்த மாசம் நாதஸ்வரம் எடுத்தாறேன்."

கேன்டீனே சிரித்தது. டீ ஊற்றுகிறவன் சிரித்தான். டைம் கீப்பருக்குப் புரை ஏறிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "என்னா நாதஸ்வரம், டூட்டியா?" "நாதஸ்வரம், ஒத்து ஊதறவன் வந்துட்டானா?" மெக்கானிக் பையன்கள் வரைக்கும். உன் அப்பா மறுநாள் வந்து தோளில் கை போட்டான். "தமாசுக்கு சொன்னேன்டா, மூஞ்ச தூக்காத. ஆனா ஒருதபா டாக்டராண்ட காட்டு, நான் கூட வரேன்." கையைத் தட்டிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. நாற்பது நாள். ஒரே வண்டி, ஒரே டூட்டி, ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் அவனுக்கும் நடுவில் விசில் மட்டும்தான்.

டீ எடுத்துக்கொள். ஆறுகிறது.

லேட் ஆனது என்னாலா? சொல்கிறேன் கேள். அவனால்தான். ஐஸ் கம்பெனி ஸ்டாப்பில் ஒரு பெண் ஏறும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா அடிக்கிற வேலை. தினமும் ஏழு ஐம்பது டிரிப்புக்குத்தான் வரும், தினமும் ஓடித்தான் வரும். குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டு வருவாளாம். இவன் அவளுக்காக வண்டியை நிறுத்தி வைப்பான். எல்லோரும் ஏறி முடிந்திருக்கும். இரண்டு ஊத வேண்டியதுதானே? ஊதமாட்டான். எனக்குக் கால் கிளட்சில் துடிக்கும். நான் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால், நில் என்று ஒற்றை விசில் கொடுப்பான். அவள் வந்து ஏறி மூச்சு வாங்கின பிறகு இரண்டு கொடுப்பான். இதற்காக அவனுக்கு இரண்டு தடவை மெமோகூட வந்தது. பேச்சு இருந்த காலத்தில் கேட்டேன், "யார்டா அவ, உன் அத்தை பொண்ணா?" என்று. "ஒரு நிமிசம்டா. இத விட்டா அடுத்த வண்டி முக்கா மணி நேரம். அரை நாள் சம்பளம் போயிடும்" என்றான். உலகத்துக்கெல்லாம் இரக்கம். என் காதைத்தான் கேன்டீனில் விற்றான்.

அப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, நீ கேட்டதால் சொல்கிறேன். செவிட்டு டிரைவர் என்றா சொன்னாய், பார் என் காதை என்று அவனுக்குக் காட்டினேன். அவன் முதல் விசிலை ஊதி முடிப்பதற்குள் கிளட்சை விட்டுவிடுவேன். இரண்டாவது விசிலை அவன் ஊதும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பத்து டிரிப், இருபத்தோரு ஸ்டாப், எல்லாவற்றிலும். அவன் ஆடிப் போய்க் கம்பியைப் பிடிப்பான். பயணிகள் சொல்வார்கள், "டிரைவர் செம ஃபாஸ்ட்பா." பத்து நிமிஷம் லேட் ஆன வண்டி நேரத்துக்கு வந்தது. டைம் கீப்பரே கேட்டார், "என்ன முனிரத்தினம், நாதஸ்வரம் வாங்கியாச்சா?" என்று. எனக்கு இரண்டாவது தேவையே இல்லையம்மா. முதலாவது வந்தால் இரண்டாவது தானாக என் காதுக்குள் வந்துவிடும். அப்படிப் பழகிப்போச்சு.

ஐப்பசி, வியாழக்கிழமை. மழை என்று சொல்வார்கள். மழை இல்லை, தூறல். ஏழு ஐம்பது டிரிப். ஐஸ் கம்பெனி ஸ்டாப். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். விசில் வந்தது. கிளட்சை விட்டேன். வண்டி ஒரு முழம் போயிருக்கும்.

உன் அப்பா கத்தினான். விசில் இல்லை, வாய். நாற்பது நாளாக என்னிடம் பேசாத வாய். "முனிரத்தினம்!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

இறங்கிப் பின்னால் போனேன். அந்தப் பெண்தான், ஓடி வந்து பின்படியில் ஒரு கால் வைத்திருக்கிறாள். கம்பி எட்டவில்லை. பின்சக்கரம். சாப்பாட்டு கேரியர் திறந்து கிடந்தது, புளிச்சோறு. உன் அப்பா ரோட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வருடம் என் வண்டியில் ஏறினவள். ரெஜினா என்று பெயர் இருப்பது விசாரணைக் காகிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

விசாரணையில் கேட்டார்கள். எத்தனை விசில்? நான், இரண்டு என்றேன். அவன், ஒன்று என்றான். ஓடி வருவதைப் பார்த்து நில் என்று ஊதினேன் என்றான். பயணிகளைக் கேட்டார்கள். நாலு பேர் ஒன்று என்றார்கள், மூன்று பேர் இரண்டு என்றார்கள். மற்றவர்கள் நினைவில்லை என்றார்கள். விசிலை எண்ணிக்கொண்டா ஜனம் பஸ்ஸில் போகிறது? அதிகாரி என்னைப் பார்த்து, "நல்லா யோசிச்சு சொல்லுப்பா, ஒரு விசிலுக்கு எடுத்துட்டியா?" என்றார். நான் யோசித்தேன். எனக்குக் கேட்டது இரண்டு. கேட்டதைச் சொன்னேன். இதில் என்ன தப்பு? உன் அப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ இருந்தது, வண்டியை ஒழுங்காக அனுப்பாதவன் என்று. வேலை போனது அவனுக்கு.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதை நீ யோசித்துப் பார். டிப்போ முழுக்க என் காதைப் பற்றிச் சொல்லிச் சிரித்தவன், விசாரணையில் அதைச் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டிரைவருக்குக் காது மந்தம்" என்று சொல்லியிருந்தால் என்னை டெஸ்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதிகாரியே எடுத்துக் கொடுத்தார், "டிரைவர் மேல ஏதாவது குறை இருக்கா?" என்று. தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார்" என்றான். ஏன்? மடியில் கனம். இரண்டு ஊதினது அவனுக்கே தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக இதை நினைத்து நினைத்துத்தான் தூங்குகிறேன்.

இவள் அங்கிருந்து என்ன சொல்கிறாள்? "எங்க தூங்கறீங்க" என்கிறாளா? நீ சும்மா இரு.

சரி, சொல்லிவிடுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

விசில் கேட்கிறதம்மா. இப்போதும். எங்கள் பக்கம் ஓடுகிற வண்டியெல்லாம் கதவு வைத்த வண்டி, பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கிறது. விசிலே கிடையாது. ஆனால் கேட்கிறது. ஷேவிங் செய்யும்போது, ரேஷன் வரிசையில் நிற்கும்போது. என் பெரிய பெண் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், அட்சதை போடுகிறார்கள், அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் வந்தது. என் இடது கால் தானாக எழுந்து கிளட்சைத் தேடிச் சம்பந்தி காலை மிதித்துவிட்டது. அவர் வேட்டிக் கரை கிழிந்தது என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இரண்டு கேட்காது. ஒன்றுதான் கேட்கும். ஆனால் அது முதல் விசில் இல்லை. இரண்டாவது. எப்படித் தெரியும் என்று கேட்காதே, முப்பது வருடம் ஓட்டினவனுக்குத் தெரியாதா? முதல் விசில் நீளும், இரண்டாவது வெட்டின மாதிரி வரும். அந்த வெட்டின விசில்தான்.

அந்த விபத்துக்கப்புறம் எட்டு வருடம் சர்வீஸ் இருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விசில் வந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "போலாமா?" என்று கத்திக் கேட்பேன். புதுக் கண்டக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "யோவ், ரெண்டு ஊதிட்டேன்யா! அழைப்பிதழ் அடிக்கணுமா?" ஜாக்கிரதை என்று வைத்துக்கொள். வருவது வண்டி விசிலா, மற்றதா என்று... ஜாக்கிரதைதான்.

உன் அப்பாவை அந்த எட்டு வருடமும் பார்த்திருக்கிறேன். ஏதோ அபார்ட்மெண்டில் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் நிற்பான். நான் வண்டியை அவனுக்கு நேராக நிறுத்துவேன். ஏறமாட்டான். என்னைப் பார்ப்பான், பின்படியைப் பார்ப்பான், ஜனம் ஏறி முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பான். நான் எடுத்த பிறகு அடுத்த வண்டிக்கு நிற்பான். முக்கால் மணி நேரம் நின்றாலும் நிற்பானே தவிர என் வண்டியில் ஏறமாட்டான். திமிர். வேறு என்ன?

நீ கேட்டாயே, விசில் கேட்கிறது என்றால் டாக்டரிடம் காட்டினீர்களா என்று. எதற்குக் காட்ட வேண்டும்? யோசித்துப் பாரம்மா. யாருக்கும் கேட்காத விசில் எனக்குக் கேட்கிறது. இவளுக்குக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கிறது. அப்பேர்ப்பட்ட காது இது. இந்தக் காதா அன்றைக்குத் தப்பாகக் கேட்டிருக்கும்?

என்ன, ஏதோ சொல்ல வாயெடுத்தாய்? சொல்லு.

...

இரு. இன்னொரு தடவை சொல்லு.

கேட்டது. கேட்டதம்மா. கேட்டதால்தான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"காதைப் பத்தி நான் சொல்லியிருந்தா முனிரத்தினத்துக்கு லைசென்சே போயிருக்கும். ரெண்டு பொண்ண வெச்சிருக்கான். ஸ்டியரிங்க விட்டா அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. நான் நாலெழுத்து படிச்சவன், எதையாவது எழுதிப் பொழச்சுக்குவேன்." இப்படியா சொன்னான்? எப்போது சொன்னான்? விசாரணை முடிந்த அன்றைக்கே, வீட்டுக்கு வந்து? உன் அம்மாவிடமா?

யார் கேட்டது அவனை?

நான் கேட்டேனா? எனக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தான், சரி. மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தான், சரி. இதையும் அவனே எழுதிக் கையெழுத்து மட்டும் என்னைப் போடச் சொல்லியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்! என் பெரிய பெண் கல்யாணம், சின்னவள் படிப்பு, இந்த வீடு, நீ உட்கார்ந்திருக்கிறாயே அந்த நாற்காலி, எல்லாம் அவன் வாயை மூடினதால் வந்ததா? நான் அவனை என்னவென்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம்...

அழவில்லையம்மா. கண்ணில் தண்ணீர் வரும், வயசாகிவிட்டது.

நீ ஏன் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாய்? நான் போகிறேன் என்று சொன்னேனா? இவளுக்கு எப்போதுமே அவசரம். கொடு. அந்த வெள்ளைச் சட்டை வேண்டாம், சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். அதைக் கொடு.

வருகிறேன். ஆனால் நீ கேட்டதைச் சொல்ல வரவில்லை, உன் அம்மாவிடம் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடு. வாசலில் வைத்து யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடாது. நீ ஒற்றை விசில்தான் ஊதினாய் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது?

அவனிடம் நான் கேட்கப் போகிறேன். பேச முடியாவிட்டால் தலையை ஆட்டட்டும். தணிகாசலம், அன்றைக்கு இரண்டாவதை நீ ஊதினாயா? ஊதினேன் என்றால் சரி. நீ ஊதினதுதான் இன்னும் எனக்குக் கேட்கிறது, நீ போன பிறகு அதுவும் போய்விடும் என்று வைத்துக்கொள்கிறேன். ஊதவில்லை என்று தலையாட்டினால்...

டிரைவர் திரும்பிப் பார்க்க முடியாதம்மா. வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று கண்டக்டருக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பின்னால் நின்று ஊதுவது யார் என்று அவனே சொல்லிவிட்டுப் போகட்டும்.